குமுளிக்கு அந்தப் பக்கத்து எம்.எல்.ஏ.

கம்பத்தில் ராத்திரி பத்து மணிக்குக் காய் ஏற்றிக் கிளம்பினால் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் கோட்டயம் மார்க்கெட்டில் இறக்கிவிடலாம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. அப்புறம் வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம். அங்கிருந்து முண்டக்கயம் வரைக்கும் ஒரே இறக்கம். பிறகு காஞ்சிரப்பள்ளி, பொன்குன்னம், பாம்பாடி, மணர்காடு, கோட்டயம். கே.கே. ரோடு என்பார்கள். 1998இல், பத்தொன்பது வயதில், கோட்டயம் மார்க்கெட்டில் ஒரு மொத்தக் கடைக்குக் கணக்கெழுத வந்தேன். அன்றிலிருந்து என் பிழைப்பு இந்த ரோட்டில்தான் ஓடுகிறது.

பாம்பாடியும் மணர்காடும் புதுப்பள்ளித் தொகுதியில் சேர்ந்தவை. நான் வந்தபோது அங்கே எம்.எல்.ஏ. உம்மன் சாண்டி. நான் பிறப்பதற்கு ஒன்பது வருஷம் முன்பே அவர்தான். எனக்குக் கல்யாணமாகி, மகள் பிளஸ் டூ முடித்த பிறகும் அவர்தான். 2023 ஜூலை 18இல் அவர் இறந்தபோது பாம்பாடியில் டீக்கடை வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர் என்னிடம் சொன்னார்: "எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து வேற எம்.எல்.ஏ.வைப் பார்த்ததில்லை." அப்படிச் சொல்லக்கூடியவர்கள் அந்தத் தொகுதியில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

நான் கம்பத்துக்காரன். எங்கள் ஊரில் அவரைப் பற்றி நல்லதாக எழுதினால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு, அதற்கு வருகிறேன். முதலில் அந்த மனிதரின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

1943 அக்டோபர் 31இல் புதுப்பள்ளியில் பிறந்தவர். வீட்டிலும் ஊரிலும் செல்லப் பெயர் குஞ்ஞூஞ்ஞு. கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரி, சங்கனாச்சேரி எஸ்.பி. கல்லூரி, எர்ணாகுளம் சட்டக் கல்லூரி என்று படிப்பு. படிக்கும்போதே காங்கிரஸ் மாணவர் அமைப்பான கே.எஸ்.யூ.வில் சேர்ந்து அதன் மாநிலத் தலைவரானார். 1970 தேர்தலில் புதுப்பள்ளியில் நிறுத்தினார்கள். அப்போது அவருக்கு 27 வயதுகூட ஆகவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய எம்.எல்.ஏ. இ.எம். ஜார்ஜை ஏழாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்கடித்தார். 1977, 80, 82, 87, 91, 96, 2001, 2006, 2011, 2016, 2021 என்று மொத்தம் பன்னிரண்டு தேர்தல். ஒன்றில்கூடத் தோற்கவில்லை, தொகுதியும் மாறவில்லை. கேரளத்தில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆட்சி மாறுவதுதான் வழக்கமாக இருந்தது. அலை அவர் கட்சிக்கு எதிராக அடித்த வருஷங்களிலும் புதுப்பள்ளி மட்டும் அசையவில்லை. 1980இல் அவர் சேர்ந்திருந்த, காங்கிரஸிலிருந்து பிரிந்த ஏ.கே. அந்தோணி பிரிவு இடதுசாரிகளோடு கூட்டணியில் இருந்தது. அப்போதும் அவரையே ஜெயிக்க வைத்தார்கள்.

தொழிலாளர் துறை, உள்துறை, நிதித்துறை அமைச்சராக இருந்திருக்கிறார். 2004இலிருந்து 2006 வரையிலும், 2011இலிருந்து 2016 வரையிலும் முதலமைச்சர். இடைப்பட்ட ஐந்து வருஷம் எதிர்க்கட்சித் தலைவர். 2022 ஆகஸ்டில், கேரள சட்டமன்றத்தில் அதிக நாள் உறுப்பினராக இருந்தவர் என்ற கணக்கில் கே.எம். மாணியைத் தாண்டினார். மாணியின் பாலா தொகுதியும் இதே கோட்டயம் மாவட்டம்தான். பாலா தொகுதி உண்டான 1965 தேர்தலிலிருந்து 2019இல் இறக்கும் வரை அங்கே மாணியைத் தவிர யாரும் ஜெயித்ததில்லை. எங்கள் மார்க்கெட்டில் பாலாக்காரரும் புதுப்பள்ளிக்காரரும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் ஆள், உங்கள் ஆள் என்று பேசிக்கொள்வதைக் கேட்கவே நன்றாக இருக்கும். தமிழ்நாட்டில் பெரிய தலைவர்கள் பலர் தொகுதி மாறி மாறி நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரே ஊர் ஒரே ஆளை ஐம்பது வருஷம் வைத்துக்கொள்வது எனக்கு ரொம்ப நாள் புரியவே இல்லை.

சரி, எங்கள் ஊர்க் கோபத்துக்கு வருகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம். அத்தனையும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருகிற தண்ணீர் இறைச்சல் பாலம் தாண்டி லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. என் பெரியப்பாவுக்கு அந்தத் தண்ணீரில் விளைகிற ஒன்றரை ஏக்கர் உண்டு. ஜூன் ஒன்றாம் தேதி மதகைத் திறந்தார்களா என்பதுதான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் திறப்பதைவிடப் பெரிய செய்தி. எங்கள் பக்கம் கடைகளில் சாமி படத்தோடு, அணையைக் கட்டிய பென்னிகுக் படமும் மாட்டியிருப்பார்கள். அணையின் முழு மட்டம் 152 அடி. பாதுகாப்பு என்று சொல்லி 1979இல் 136 அடிக்கு இறக்கினார்கள். 2006 பிப்ரவரி 27இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரைக்கும் தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. கம்பத்தில் வெடி போட்டோம். மூன்று வாரம்கூட ஆகவில்லை, 136க்கு மேலே தேக்கக் கூடாது என்று கேரள சட்டமன்றம் ஒரு சட்டத்தையே கொண்டுவந்தது. அப்போதைய முதலமைச்சர் உம்மன் சாண்டி.

2011 இன்னும் மோசம். அந்த நவம்பரில் இடுக்கிப் பக்கம் சின்னச் சின்ன நில அதிர்வுகள் வந்தன. அணை உடையப் போகிறது என்று கேரளம் முழுக்கப் பேச்சு. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத்தைச் சிறப்பாகக் கூட்டி, மட்டத்தை 120 அடிக்குக் குறைக்க வேண்டும், புது அணை கட்ட வேண்டும் என்று எல்லாக் கட்சியும் சேர்ந்து தீர்மானம் போட்டார்கள். அப்போதும் அவர்தான் முதல்வர். "கேரளத்துக்குப் பாதுகாப்பு, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர்" என்பது அவர்கள் முழக்கம். கம்பத்தில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் குமுளியைப் பார்க்க நடந்தார்கள், லோயர் கேம்ப்பில் போலீஸ் மறித்தது. எல்லை அடைபட்டது. எங்கள் இரண்டு லோடு தக்காளி கூடலூரிலேயே நின்று அழுகியது. நான் கோட்டயத்தில் கடை மாடியில் அறைக்குள்ளேயே இருந்தேன். எங்கள் கடை ஓனரும் சுமை தூக்கும் சேட்டன்மாரும் எனக்கு ஒரு குறையும் வரவிடவில்லை, வேளாவேளைக்குச் சோறு மேலேயே வந்தது. ஆனாலும் டிவியில் அவர் முகத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கோபம் இப்போதும் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். 2014 மே 7இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று அடித்தபோது, அணை பலமாக இருக்கிறது, 142 தேக்கலாம் என்று சொன்னபோது, எங்கள் பக்கம் நியாயம் என்று உறுதியாயிற்று. அதே வருஷம் நவம்பரில் 142 அடி நிரம்பியதை நேரில் பார்த்தவன் நான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அணைக்குக் கீழே முதலில் வருகிற பெரிய ஊர் வண்டிப்பெரியாறு. அங்கே நிறையப் பேர் தமிழ்த் தேயிலைத் தொழிலாளிகள். 2011இல் அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்த ஜனங்களை எனக்குத் தெரியும். அவர்கள் பயம் பொய்யில்லை. அந்தப் பயத்தோடு வாழ்கிறவர்களின் ஓட்டில் வந்த முதல்வர் வேறு என்ன செய்திருப்பார் என்று அப்புறம் பலமுறை யோசித்திருக்கிறேன்.

2013 தொடக்கத்தில்தான் அவரை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன். எங்கள் கடையில் சுமை தூக்கிய ஒரு சேட்டன், பாம்பாடிக்காரர். ஐம்பத்திரண்டு வயது. தொண்ணூறு கிலோ மூட்டையைத் தனி ஆளாகத் தூக்கி அட்டியில் போடுவார். திடீரென்று மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. பார்த்தால் இதய வால்வு கெட்டிருக்கிறது. ஆபரேஷனுக்குச் சொன்ன தொகையைக் கேட்டு அவர் மனைவி சேச்சி கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கடையில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம், போதவில்லை. முதலமைச்சர் நிவாரண நிதிக்கு மனு எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை புதுப்பள்ளிக்குப் போங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். சேட்டனால் நடக்க முடியாது, பையன் சின்னவன். நான் சேச்சியோடு போனேன். போகிற வழியெல்லாம் எனக்கு மனசு கசப்பாகத்தான் இருந்தது.

முதலமைச்சராக இருந்தாலும் சரி, வெறும் எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் புதுப்பள்ளியில் இருப்பார் என்பது கோட்டயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கரோட்டு வள்ளக்காலில் என்பது குடும்பப் பெயர். பழைய வீடு. நாங்கள் காலை ஆறரைக்குப் போனபோதே முற்றம் நிறைந்து ரோடு வரைக்கும் ஆள் நின்றது. டோக்கன் கிடையாது, கயிறு கட்டி வரிசை கிடையாது. போலீஸ்காரர்கள் ஓரமாக நின்றார்கள், யாரையும் தள்ளவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா பீர்மேட்டிலிருந்து வந்தவர், தமிழ்க்காரர், எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர். "உங்க தொகுதி இது இல்லையேம்மா" என்றேன். "எங்க எம்.எல்.ஏ. வீடு தூரம். இங்கன்னா பஸ் நேரா வருது" என்றார். அவர் கையில் மகளின் நர்சிங் படிப்புக்கான மனு. இன்னொருவர் என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். கம்பம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்கே நின்றால் சார் பார்க்க மாட்டார், தூண் பக்கம் வா" என்று சேச்சியையும் என்னையும் முன்னால் இழுத்து விட்டார்.

அவர் வந்தபோது அறிவிப்பு எதுவும் இல்லை. கூட்டம் ஒரு பக்கம் குவிந்ததை வைத்துத்தான் தெரிந்தது. வெள்ளைக் கதர்ச் சட்டை, வேட்டி. தலைமுடி எப்போதும் போல வாரப்படாமல் நின்றது. படத்தில் பார்த்து அது ஏதோ ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். கிட்டத்தில் பார்த்தால் அந்த மனிதருக்குத் தலை வார நேரமில்லை என்பது விளங்கியது. உட்காரவே இல்லை. ஒருவர் பேசுவதைக் காது கேட்கும், இன்னொருவர் நீட்டிய தாளைக் கண் படிக்கும், கை எழுதும். மேசை இல்லை. முன்னால் நின்ற ஒரு பையன் முதுகைக் காட்டிக் குனிந்தான், அவன் முதுகில் தாளை வைத்து எழுதினார். அந்தப் பையன் அதற்கென்று பழகியவன் போல ஆடாமல் நின்றான்.

எங்கள் முறை வந்தது. சேச்சிக்கு வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. நான் என் மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னேன். நான் பேசுகிற மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கும், கேட்ட உடனே யாருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். முகத்தை நிமிர்த்தி ஒரு முறை பார்த்தார். சேட்டன் பெயரைக் கேட்டதும் வீட்டை அடையாளம் சொல்லி, அந்த வீடுதானே என்று சேச்சியிடமே கேட்டார். சேச்சி தலையாட்டினார். மனுவின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் உதவியாளரிடம் லெட்டர் பேடு வாங்கி, ஆஸ்பத்திரிக்குத் தனியாக ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்கும். அடுத்த தாள் வந்துவிட்டது. பீர்மேட்டு அம்மாவும் கிட்டத்தட்ட அதே இரண்டு நிமிஷம் நின்று பேசியதைப் பார்த்தேன். அவர் அந்தத் தொகுதி இல்லையே என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதத்துக்குள் பணம் வந்தது. ஆபரேஷன் நடந்தது. சேட்டன் மூட்டை தூக்கவில்லை, ஆனால் கடையில் எடை போட்டுக்கொண்டு ஆறு வருஷம் இருந்தார். 2019இல் தூக்கத்தில் போனார்.

இதையே பெரிய அளவில் செய்ததுதான் ஜனசம்பர்க்க பரிபாடி, மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி. இரண்டாம் முறை முதல்வரான 2011இலிருந்து மாவட்டம் மாவட்டமாகப் போனார். மைதானத்தில் பந்தல் போட்டுக் கலெக்டர் முதல் அத்தனை அதிகாரிகளும் உட்கார்ந்திருக்க, முதல்வர் நின்றுகொண்டு மனு வாங்குவார். காலையில் தொடங்கினால் நடுராத்திரி தாண்டும். படுக்கையோடு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தவர்களை அவரே நடந்து போய்ப் பார்ப்பார். 2013இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் சேவை விருது அதற்குக் கிடைத்தது, பஹ்ரைனில் போய் வாங்கினார். வில்லேஜ் ஆபீசர் செய்கிற வேலையை முதல்வர் செய்கிறார் என்று எதிர்க்கட்சி குறை சொன்னது. அந்தக் குறையில் உண்மை உண்டு என்றே நினைக்கிறேன். பி.பி.எல். கார்டுக்கும் பட்டாவுக்கும் வீல் சேருக்கும் ஒரு மாநில முதல்வர் கையெழுத்து தேவைப்படுகிறது என்றால் கீழே ஆபீஸ்கள் ஓடவில்லை என்று அர்த்தம். பந்தலைப் பிரித்த மறுநாள் அதே ஆபீஸில் அதே வரிசை நின்றிருக்கும். ஆனால் ஆபீஸ் சரியாகும் வரை சேட்டனின் வால்வு காத்திருக்காதே. சேச்சி பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு அந்த வாதம் பாதிதான் ஏறும்.

அவர் ஆட்சியைப் பற்றிப் பெரிதாகப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். கொச்சி மெட்ரோ வேலை தொடங்கியது, விழிஞ்ஞம் துறைமுக ஒப்பந்தம் 2015 ஆகஸ்டில் கையெழுத்தானது, காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் திட்டம் வந்தது. கடைசியாகச் சொன்னதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எங்கள் மார்க்கெட்டில் இஞ்சி விற்கிறவரின் பேத்தி இப்போது பேசுகிறாள்.

கறையும் உண்டு. 2011இல் 140 இடத்தில் 72 மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் ஓட்டியவர். அதனால் கூட்டணியில் யாரையும் அதட்ட முடியாமல் போயிற்று, அதற்கான விலையை 2016இல் கொடுத்தார் என்பது என் எண்ணம். சோலார் கருவி போட்டுத் தருவதாகப் பலரிடம் பணம் வாங்கி ஏமாற்றிய சோலார் விவகாரம் அவரை உலுக்கிவிட்டது. அவருக்கென்று சொந்தமாகக் கைப்பேசி கிடையாது. கூட இருக்கிற உதவியாளர்களின் போனில்தான் பேசுவார். அந்த மோசடியில் மாட்டியவர்கள் அந்த உதவியாளர்களின் போனில் பேசியதுதான் கடைசியில் வம்பில் கொண்டுபோய் விட்டது. 2013இல் கண்ணூரில் கார் மீது கல் விழுந்து காயம்பட்டார். 2016 ஜனவரியில் விசாரணை கமிஷன் முன்னால் பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்னார். அவர் மேல் வந்த பாலியல் புகாரில் ஆதாரம் இல்லை என்று சி.பி.ஐ. 2022 கடைசியில்தான் சொன்னது. அதற்குள் தொண்டையில் நோய் வந்து குரலே போய்விட்டிருந்தது. ஐம்பது வருஷம் ஜனங்களிடம் பேசியே வாழ்ந்தவருக்கு அந்தக் குரல்தான் முதலில் போயிற்று. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

2021இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவரைத் திருவனந்தபுரத்தில் நேமம் தொகுதியில் நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அன்றைக்குப் புதுப்பள்ளி வீட்டு முன்னால் கூடிய கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள். ஒரு தொண்டர் வீட்டுக் கூரை மேலேயே ஏறிவிட்டார். நான் மணர்காட்டில் லாரி நின்றுபோய் இறங்கி நின்றேன், அங்கேயும் அதே பேச்சு. போக மாட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் கூட்டம் கலைந்தது. அந்தத் தேர்தலில் வித்தியாசம் 9,044 ஓட்டுதான். 2011இல் 33,000க்கு மேல் ஜெயித்தவர். ஊர் மாறிக்கொண்டிருந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும். திருவனந்தபுரத்தில் அவர் வீட்டுக்கு வைத்த பெயர்கூட 'புதுப்பள்ளி ஹவுஸ்'. பெயரை அங்கே கொண்டுபோனாரே தவிர ஆள் வாரம் தவறாமல் இங்கே வந்துவிடுவார்.

2023 ஜூலை 18 விடியற்காலை பெங்களூரில் இறந்தார். அன்றைக்கு லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது மார்க்கெட்டில் ஒருவர் போனைப் பார்த்துவிட்டு அப்படியே சாக்கு மேல் உட்கார்ந்தார். மறுநாள் காலை ஏழு மணி வாக்கில் திருவனந்தபுரத்திலிருந்து அரசு பஸ் ஒன்றில் உடலை வைத்து எம்.சி. ரோடு வழியாகக் கிளப்பினார்கள். நூற்றைம்பது கிலோமீட்டர். சாயந்திரம் கோட்டயம் திருநக்கரை மைதானத்துக்கு வந்துவிடும் என்றார்கள். நானும் சேச்சியும் அவர் பையனும் சிங்கவனத்தில் ரோட்டோரம் போய் நின்றோம். மாலை ஆறு மணி. எட்டு ஆயிற்று, இன்னும் வெகு தூரத்தில்தான் வருகிறது என்றார்கள். பத்து ஆயிற்று. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து வீடுகளில் கட்டன்சாயா போட்டு வாளியில் கொண்டுவந்தார்கள். ஒரு கடைக்காரர் ஷட்டரைத் திறந்து வயதானவர்களை உள்ளே படுக்கச் சொன்னார். நடுராத்திரிக்கு மேல் மெழுகுவர்த்தியோடு பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். மார்க்சிஸ்ட் சங்கத்தில் இருக்கிற எங்கள் சுமைத் தொழிலாளிகள் நாலு பேரும் எங்களோடு நின்றார்கள். அவர்கள் ஒரு தடவைகூட அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் இல்லை.

பொழுது விடிந்து நன்றாக வெளுத்த பிறகுதான் பஸ் வந்தது. பூவும் படமுமாக, மனிதர் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக. ஜனங்கள் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டே கூட நடந்தார்கள். சேச்சி கண்ணாடியைத் தொட்டுவிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். திருநக்கரை போய்ச் சேர இருபத்தெட்டு மணி நேரத்துக்குக் கிட்ட ஆனது. அன்று ராத்திரி நடுச்சாமத்தில் புதுப்பள்ளி புனித ஜார்ஜ் ஆர்த்தடாக்ஸ் பெரிய தேவாலயத்தில் அடக்கம். அரசு மரியாதை வேண்டாம், குண்டு முழக்கம் வேண்டாம் என்பது அவருடைய விருப்பம், அப்படியே செய்தார்கள். இரண்டு முறை முதல்வராக இருந்தவரை ஊர் ஜனங்களே கொண்டுபோய் மண்ணில் வைத்தார்கள். செப்டம்பரில் இடைத்தேர்தல். மகன் சாண்டி உம்மன் 37,719 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்பா வாங்கிய எந்த வித்தியாசத்தையும் விட அது பெரிது.

கம்பத்தில் என் பெரியப்பாவிடம் அந்த ராத்திரியைப் பற்றிச் சொன்னேன். அவர் 2011இல் லோயர் கேம்ப் வரை நடந்தவர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம தண்ணிக்கு எதிரா நின்னவருதான். ஆனா அவங்க ஊருக்கு நின்னாரு" என்றார். அதற்கு மேல் நானும் பேசவில்லை.

போன மாதம் சேச்சி கடைக்கு வந்திருந்தார். 2013இல் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த அந்த லெட்டர் பேடு சீட்டைக் கொண்டுவந்திருந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ரேஷன் கார்டு உறைக்குள் இத்தனை வருஷம் வைத்திருந்து மடிப்பெல்லாம் இற்றுப் போயிருந்தது. நீல மையில் நாலு வரி, கீழே கையெழுத்து. லேமினேட் செய்து தரச் சொன்னார். தெருமுனைக் கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைப் பையன் தாளை விரித்துப் பார்த்துவிட்டு, "போட்டுத் தரேன் சேச்சி, ஆனா இது பழைய தாள். ஒரு தடவை உள்ளே ஒட்டிட்டா அப்புறம் வெளியே எடுக்க முடியாது" என்றான்.

சேச்சி கொஞ்சம் யோசித்தார். பிறகு தாளைத் திருப்பி வாங்கி, பழைய மடிப்பிலேயே மெதுவாக மடித்தார்.

"அப்போ வேண்டாம் மோனே. பையனுக்கு ஒரு வேலைக்குச் சொல்ல வேண்டியிருக்கு. யாராவது கேட்டா எடுத்துக் காட்டணும்" என்று சொல்லி, ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டு பாம்பாடி பஸ்ஸுக்குப் போனார்.